பழைய அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்: ஒரு மதிப்புரை

பழைய பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயின்ட்டையும் கன்டென்சரையும் கழற்றிவிட்டு, அவை இருந்த இடத்திலேயே பொருத்திக்கொள்ளும்படி சிறிய பெட்டியில் வரும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. ஏறக்குறைய ஒரே அமைப்புள்ள பொருள் பல பெயர்களில், பல பெட்டிகளில் கிடைப்பதால் எந்தப் பெயரையும் நான் இங்கே குறிப்பிடவில்லை. என் வண்டி 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசிடர் மார்க் 4. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இந்தக் கிட்டோடு ஓட்டிய பிறகு எழுதுகிறேன். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் "இதைப் போட்டுவிட்டால் வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும்" என்று சொல்லி விற்கிறார்களே, அந்த வாக்கு பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவருக்கு, முன்பு தட்டுத்தடுமாறியாவது கிளம்பிக்கொண்டிருந்த வண்டி அடியோடு கிளம்பாமல் போகவும் கூடும்.

உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார் வழியாக வந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்தால், உள்ளே சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். இந்தியாவில் இந்த வகை மின்பாகங்களைச் சென்னை பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் நெடுங்காலம் தயாரித்ததால், தமிழ்நாட்டின் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களில் ஒரு தலைமுறையே இந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கக்கூடியது. அந்தத் தலைமுறை இப்போது கடையை மூடிக்கொண்டு வருகிறது என்பதும், இந்தக் கிட்டுகளுக்கு வந்திருக்கும் மவுசுக்கு ஒரு காரணம்.

பாயின்ட் செய்யும் வேலை எளிமையானது. அது மூடியிருக்கும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தும் கம்பிச்சுருளான காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் இருக்கும் கேம் அதைத் திறந்த கணத்தில் மின்சாரம் அறுபட, புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் இந்தத் திறப்பும் மூடலும் விநாடிக்கு 100 முறை நடக்கும். அத்தனை முறை திறந்து மூடும் இரண்டு சிறிய உலோக முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். கேமோடு உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும், டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், பின்தங்கும். முனைகளில் ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் உருவாகும். உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிப்பார்கள், அது கொஞ்ச நாளைக்குத் தாங்கும். முனைகளுக்கு நடுவே பொறி அடிக்காமல் காக்க வேண்டிய கன்டென்சர்களில் இன்றைக்குக் கடைகளில் கிடைப்பவற்றின் தரமோ இன்னும் மோசம். எஞ்சின் சூடானதும் கன்டென்சர் கைவிட, பாயின்ட்டின் இடையே நீலமும் வெள்ளையுமாகப் பெரிய பொறி அடித்துக்கொண்டிருக்கும். பிளக்கில் ஒன்றும் இருக்காது. ஊர் எல்லையைத் தாண்டி இருபது நிமிடம் ஓடியபின் நின்றுவிடும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். பழைய சரக்கு கிடைக்குமா என்று சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள்.

கிட்டின் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது: சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சென்சார், அதைத் தாங்கும் தட்டு, நான்கு காந்தங்கள் பதித்த ஒரு வளையம், இரண்டு திருகு, ஒரு தாள். பாயின்ட்டைக் கழற்றிய இடத்தில் தட்டு உட்கார்ந்துகொள்கிறது. கேமின் நான்கு முனைகளின்மேல் வளையத்தை அழுத்திவிட்டால் அதுவும் பிடித்துக்கொள்கிறது. அதன்மேல் பழைய ரோட்டார். சிவப்பு ஒயர் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு ஒயர் மைனஸுக்கு. இதை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் சென்சார் அந்த நிமிடமே போய்விடக்கூடும், உத்தரவாதமும் அதோடு போய்விடும். மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தது. உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிட்டை வாங்க வேண்டும்.

நான் வாங்கிய கிட்டில் தட்டின் ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்ததால் அரம் போட வேண்டியிருந்தது. வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு தடித்த தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். இரண்டும் உரசினால் வளையம் உடையும். ஒயர் வெளியே வரும் ரப்பர் புஷ்ஷும் பழைய துளைக்குப் பொருந்தாமல் தளர்வாக நின்றது. மழைநீரும் தூசியும் புக ஏற்ற இடம் அது என்பதால், பழைய புஷ்ஷையே கிழித்து மாட்ட வேண்டியதாயிற்று. இவையெல்லாம் சிறிய குறைகள்தான், ஆனால் "பதினைந்து நிமிட வேலை" என்று தாளில் அச்சிட்டிருப்பதை நம்பி வேலைக்குப் புறப்படும் நேரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. பொருத்தியபின் டைமிங்கை மறுபடி வைத்தே ஆக வேண்டும் என்பதைத் தாள் எங்கோ கடைசி வரியில் சொல்கிறது. சென்சார் பொறி கொடுக்கும் இடம், பழைய பாயின்ட் திறந்த இடமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டைமிங் லைட் வைத்துப் பார்த்தபோது என் வண்டியில் நன்றாகவே விலகியிருந்தது. அதை வைக்காமல் ஓட்டினால், செல்ஃப் போடும்போது எஞ்சின் எதிர்த்து உதைப்பதற்கோ மேட்டில் இழுக்காமல் சூடேறுவதற்கோ வழியுண்டு.

டைமிங் சரியானபின் கிட்டின் நன்மை தெளிவாகவே தெரிந்தது. ஐடிலிங்கில் அந்தப் பழைய குலுக்கல் போயிற்று. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இருந்த மிஸ்ஸிங்கும் அறவே நின்றது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஷாஃப்டின் புஷ் தேய்ந்து பக்கவாட்டில் ஆடும். பாயின்ட் இருந்தவரை அந்த ஆட்டம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. காந்தத்தை உணரும் சென்சார் அந்த ஆட்டத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்கிறது. அதற்காகப் புஷ் மாற்ற வேண்டாம் என்று பொருளில்லை. ஷாஃப்ட்டைக் கையால் அசைத்தாலே ஆட்டம் தெரிகிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு முதலில் புஷ்தான் வேண்டும், கிட் அப்புறம்.

இனி, ஸ்டார்ட்டிங். என் வண்டிக்கு இருந்த நோய் பலருக்குத் தெரிந்த ஒன்று. காலையில் செல்ஃப் போட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. சரி போதும் என்று சாவியை விடும் அந்தக் கணத்தில் "டப்" என்று ஒரு சிலிண்டர் பிடித்து ஓடத் தொடங்கும். கிட்டை விற்ற கடைக்காரரும் பொருத்த உதவிய பட்டறைக்காரரும் இதைக் கேட்டதும் ஒரே குரலில் பாயின்ட்டைத்தான் குற்றம் சொன்னார்கள். கிட் போட்டபின் வெயில் நாட்களில் வண்டி முன்பைவிட நன்றாகவே கிளம்பியது. மழை பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் எடுக்காமல் நின்ற காலைகளில் மட்டும், சாவியை விடும்போது வந்த அந்த ஒற்றை "டப்" கூட வரவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, பொறி இல்லை.

சாவியை விடும் கணத்தில் எஞ்சின் பிடித்தால், செல்ஃப் சுற்றும்போது காயிலுக்குப் போதிய மின்னழுத்தம் போகவில்லை என்பதே அதன் பொருள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அந்தப் பாதையில் எங்காவது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கே காணாமல் போகும். பாயின்ட் என்பது வெறும் சுவிட்ச். ஏழு வோல்ட் வந்தாலும் அதைத் திறந்து மூடி, சோனியான ஒரு பொறியையாவது கொடுத்துவிடும். சென்சார் அப்படியன்று, அதற்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் விழித்திருக்கக் குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று வேண்டும். என் கிட்டின் தாளில் அது 8 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் பொறி பலவீனமாவதில்லை, இல்லாமலே போகிறது. ஆக, மின்னழுத்தம் குறைவாக இருக்கும் வண்டியில் இந்தக் கிட் நோயைத் தீர்ப்பதற்குப் பதில் முற்றவைக்கிறது.

மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தால் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடும். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது, அது நல்ல நிலை. வேறொருவரைச் செல்ஃப் போடச் சொல்லிவிட்டு அதே முனைகளில் பார்த்தபோது 10.1, அதுவும் மோசமில்லை, 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் காயிலின் பிளஸ்ஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்துச் செல்ஃப் போட்டால் 7.6தான் காட்டியது. இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அதில் 1.6 வோல்ட் எங்கே போகிறது என்பதைப் பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு மீட்டரை வைத்தபோது கண்டுகொண்டேன். அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. மீதி 0.9 வோல்ட், இக்னிஷன் சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வரும் பழைய ஒயரிலும், சுவிட்சின் கருகிய முனைகளிலும் தொலைந்துகொண்டிருந்தது.

எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் மின்தொடர்பு தருவது பின்னல் செம்பாலான ஓர் எர்த் பட்டை மட்டுமே. என் வண்டியில் அந்தப் பட்டை முழுசாகத்தான் தெரிந்தது. கையால் வளைத்தபோது பின்னல் இழைகள் பச்சைத் தூளாக உதிர்ந்தன. பட்டை இப்படிப் போய்விட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும்தான் அந்த வேறு வழி. செல்ஃப் போட்டு நிறுத்தியவுடன் சோக் கேபிளின் உறையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. முற்றிய வண்டிகளில் அந்தக் கேபிள் புகைவதையும், உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்வதையும் பழைய எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். "சோக் கேபிள் அடிக்கடி இறுகுகிறது" என்று புதிது புதிதாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் எர்த் பட்டையையும் பார்க்கலாம்.

பட்டையை மாற்றி, அது உட்காரும் இடத்தின் பெயின்ட்டைச் சுரண்டி, பூத்துப்போயிருந்த பேட்டரி டெர்மினலை வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, காயிலுக்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகப் பேட்டரியிலிருந்து நேராகச் சப்ளை கொடுத்தபின், செல்ஃப் போடும்போது காயிலில் 9.6 வோல்ட் வந்தது. செல்ஃபின் சத்தமே மாறிவிட்டது; முன்பு முனகியது இப்போது உறுமுகிறது. அதன்பின் ஈரக் காலைகளிலும் வண்டி உடனே பிடிக்கிறது. இந்த வேலைக்கு ஆன செலவு கிட்டின் விலையில் சிறு பகுதிதான். இதை மட்டும் செய்துவிட்டுப் பாயின்ட்டையே வைத்திருந்தாலும் ஸ்டார்ட்டிங் கோளாறில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கிட்டோடு சேராதவையும் சில உண்டு. காயிலின் முதல் சுற்றுத் தடை 3 ஓம் அளவில் இருக்க வேண்டும். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பலாஸ்ட் ரெசிஸ்டரோடு வரும் 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் மின்சாரம் இரு மடங்காகிக் காயிலும் சூடாகும், சென்சாரும் வேகும். பழைய செம்புக் கம்பி பிளக் ஒயர்கள் எழுப்பும் மின்இரைச்சல் சென்சாரைக் குழப்பக்கூடும் என்பதால் தடையுள்ள கார்பன் ஒயர்களுக்கு மாற வேண்டும். பிளக் இடைவெளியைப் பழைய 0.025 அங்குலத்திலேயே விட்டுவிடலாம். கூட்டி வைத்தால் மைலேஜ் கூடும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க நான் தயாரில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, ரோட்டார் உள்ளுக்குள் கசிந்து ஷாஃப்டுக்குப் பொறியை இறக்கினாலோ, கிட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், விரிசலில் நீலமாக ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

வெயில் காலத்தில் எஞ்சின் சூடாக நின்று பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளம்ப மறுப்பது வேறு விவகாரம். பொறி நன்றாக இருந்தும் இது நடந்தால், பெட்ரோல் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். ஈரத்துணியைப் பம்ப்பின்மேல் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயஃப்ரமும் சீக்கிரமே இற்றுப்போகின்றன. இதற்கெல்லாம் கிட்டிடம் மருந்து இல்லை.

கிட்டின்மேல் எனக்கு இருக்கும் உண்மையான தயக்கம் வேறு. பாயின்ட் சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும்: மிஸ்ஸிங் வரும், இழுவை குறையும், வாரக்கணக்கில் தவணை கொடுக்கும். கையில் ஒரு ஸ்குரூடிரைவரும் சிகரெட் அட்டைத் துண்டும் இருந்தால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இடைவெளி வைத்துக்கொண்டு ஊர் வந்து சேரலாம். சென்சார் எந்த அறிகுறியும் இல்லாமல் போகும், போனால் போனதுதான். சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டு, எஞ்சின் ஓடாமல் வானொலி கேட்டுக்கொண்டிருப்பது அதை அப்படிக் கொல்லும் வழிகளில் ஒன்று. இதற்குத் தனிப் பாதுகாப்புள்ள கிட்டுகளும் உண்டு, என்னுடையதில் இல்லை. பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டுச் செல்ஃப் போட்டால், இறங்க வழியில்லாத உயர்மின்னழுத்தம் திரும்பிச் சென்சாரைத் தாக்கலாம். ஒரு பழைய பிளக்கை அந்த ஒயரின் முனையில் மாட்டி, அதன் உடலை எஞ்சினோடு ஜம்பர் ஒயரால் இணைத்துவிட்டுப் பார்ப்பதே முறை. நீலப் பொறி சட்டென்று சத்தத்தோடு விழுந்தால் இக்னிஷனை விட்டுவிட்டுப் பெட்ரோலைத் தேடலாம். மஞ்சளாக மெலிந்து விழுந்தால் காயிலுக்கு வரும் மின்னழுத்தத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பாயின்ட்டோடு ஓடும் வண்டிகளிலும் எளிதில் ஏமாற்றும் ஓர் இடம் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் குட்டி ஒயர், எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வேக்யூம் அட்வான்ஸ் தட்டை இழுக்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்துபோகும். வண்டி நின்ற இடத்தில் நன்றாக ஓடும், கிளம்பினால் மூச்சடைக்கும். அந்த ஒயரின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் ரப்பர்போல நீளும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கிட் போட்டால் பழைய ஒயரும் சேர்ந்து போய்விடுவதால் நோய் தீர்ந்த மாதிரி ஆகிவிடும், பெயர் கிட்டுக்குக் கிடைக்கும். கிட்டைப் பற்றிய புகழுரைகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவை என்று சந்தேகிக்கிறேன்.

தினமும் வண்டியை எடுப்பவர், பாயின்ட் வைக்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லாதவர், டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் ஓரளவாவது உறுதியாக இருப்பவர் தாராளமாக வாங்கலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வண்டியை வெளியே எடுப்பவருக்கு நல்ல பாயின்ட் செட்டும் நம்பகமான கன்டென்சரும் போதும். கடையில் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: வேலை செய்யும் குறைந்தபட்ச வோல்ட் எவ்வளவு, எத்தனை ஓம் காயிலுக்கு, சாவி ஆனில் கிடந்தால் தாங்குமா. மூன்றுக்கும் பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். வாங்கியபின் கழற்றிய பாயின்ட்டையும் கன்டென்சரையும் தூக்கிப் போடாமல், அவற்றின் திருகுகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜோடு டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சென்சார் போனால் அரை மணி நேரத்தில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாம். டைமிங்குக்காகப் பழைய நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிலும் பிளாக்கிலும் ஒரே கோடாக ஆணியால் கீறி வைத்திருந்தால் இன்னும் எளிது.